மனச்சாட்சி குத்தலையா?

"என் மனச்சாட்சி குத்தலையே பாஸ்டர்" என்கிறார்கள். அது போதுமா?

விமானத்தின் உயரமானி வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்தே உயரம் காட்டும். 1996 அக்டோபர் 2-ல் பெரு நாட்டு லிமாவிலிருந்து கிளம்பிய விமானத்தில், கழுவும்போது அந்தத் துவாரங்கள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்கவில்லை. விமானி தரைக்கட்டுப்பாட்டில் உயரம் கேட்டார். அங்கே திரையில் தெரிந்ததும் அதே விமானம் அனுப்பிய எண்தான்! ரேடியோ அலையால் தரையை அளக்கும் வேறொரு கருவி எச்சரித்தது. எதை நம்புவதென்று குழம்பினார்கள். கடலில் விழுந்து 70 பேர் மாண்டார்கள்.

தேவபிள்ளையே, நம் பக்கக் கதையை மட்டும் கேட்ட சிநேகிதர் "நீ செஞ்சது சரிதான்" என்றால், அது இரண்டாம் சாட்சியா? மனச்சாட்சி தேவன் வைத்த கருவி. பாவமோ அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். தன்னில் குற்றம் தெரியாதபோதும் பவுல் தீர்ப்பைக் கர்த்தரிடமே விட்டார் (1 கொரி. 4:4). வசனத்தின் எச்சரிப்பு கசந்தாலும் கேட்போம். ஆமென்.