கண்ணீரும் கடப்பாடும்: தாய்லாந்தின் ஆண்காதல் நாடகங்களும் பார்வையாளரும்

அரங்கிலே பிறர் துன்பங் கண்டு கண்ணீர் உகுப்பவன் அதனால் நல்லவனாகின்றானா என்னும் வினா மிகப் பழையது. துன்பியல் நாடகம் அச்சத்தையும் இரக்கத்தையும் எழுப்பி அவ்வுணர்ச்சிகளைத் தூய்மைப்படுத்துகின்றது என்றார் அரிஸ்ரோட்டில். 1758ஆம் ஆண்டில் தாலம்பேருக்கு எழுதிய நீண்ட மடலிலே ரூசோ இத்தகைய நம்பிக்கையை ஐயுற்றார். கற்பனை மாந்தருக்காக அழுது முடித்தவன், மனிதகுலத்துக்குத் தான் இறுக்கவேண்டிய கடன் யாவற்றையும் இறுத்துவிட்டதாக மனநிறைவு கொள்கின்றான் என்பதும், அரங்கிற்கு வெளியே உள்ள உண்மைத் துன்பத்துக்கு அவனிடம் கொடுப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை என்பதும் அவர் வாதத்தின் சாரமாகும். ஆசிய நாடுகள் பலவற்றில் இன்று விரும்பிப் பார்க்கப்படும் தாய்லாந்தின் ஆண்காதல் தொடர்நாடகங்களும், அவற்றை நோக்கி எழும் பார்வையாளர் உணர்ச்சிகளும் இப்பழைய வினாவைப் புதிய வடிவில் முன்வைக்கின்றன.

இரு ஆண்களுக்கிடையிலான காதலைப் பெரும்பாலும் பெண் வாசகருக்கெனப் புனையும் மரபு 1970களில் யப்பானியச் சித்திரக்கதைகளில் உருப்பெற்றது. ஹகியோ மோட்டோ, டக்கேமியா கெய்க்கோ முதலிய பெண் ஓவியர் அதன் முன்னோடிகளாவர். தாய்லாந்தில் இவ்வகை 'வை' என வழங்குகின்றது. 'யாவோயி' என்னும் யப்பானியச் சொல்லை உரோமன் வரிவடிவில் எழுதும்போது முதலில் நிற்கும் எழுத்தின் பெயரே அது. 2007இல் வெளிவந்த 'லவ் ஒவ் சியாம்' என்னும் திரைப்படத்தின் விளம்பரங்கள் அதனை வழமையான இளையோர் காதற்கதை போலக் காட்டின. படத்திலே இரு இளைஞரின் காதலை எதிர்பாராது கண்ட பார்வையாளர் சிலர் தாம் ஏமாற்றப்பட்டதாகச் சினந்தனர். வேறு பலர் அப்படத்தைப் பெரிதும் போற்றினர். பின்னர் 2014இல் 'லவ் சிக்', 2016இல் பல்கலைக்கழகப் பகிடிவதை மரபைக் களமாகக் கொண்ட 'சோட்டஸ்', 2020இல் 'டூகெதர்' எனத் தொலைக்காட்சித் தொடர்கள் பெருகின. 2007இல் மறைத்து விற்கவேண்டியிருந்த பொருள் 2020இல் விளம்பரப்படுத்தி விற்கத்தக்க பொருளாயிற்று. இம்மாற்றத்தை முன்னேற்றம் என்று மட்டும் கூறின், உண்மையிற் பாதியைக் கூறியதாகவே முடியும்.

இந்நாடகங்களிற் பெண் பார்வையாளர் காணும் இன்பத்தை இழிவானதென்றோ விபரீதமானதென்றோ ஒதுக்குவது நேர்மையாகாது. வழமையான காதற்கதையிலே பெண் எப்பொழுதும் பார்க்கப்படுபவள், விரும்பப்படுபவள், காக்கப்படுபவள். தன்னைப்போன்ற ஒருத்தி கதைக்குள் இல்லாதவிடத்து, ஒப்பீடும் நாணமுமின்றிக் காதலை நோக்கும் சுதந்திரம் அவளுக்குக் கிடைக்கின்றது. இருவரும் ஆண்களாதலின் ஆண்டான் அடிமை என்னும் பேதமற்ற காதலொன்றைக் கற்பனை செய்யவும் அவளால் முடிகின்றது. ஆதலின் இவ்வின்பத்தினுள்ளே சமத்துவ வேட்கையொன்று உறைந்திருக்கின்றது எனலாம்.

ஆயின் அவ்வேட்கையை நாடகமே பலவேளைகளில் முறியடித்துவிடுகின்றது. தாய்லாந்தின் நாடக மரபிலே தலைவனுக்கும் தலைவிக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஆண்காதல் தொடர்கள் பெருகியபோது, தலைவியின் இடத்தில் நிற்கும் ஆணைக் குறிப்பதற்குப் புதிய பெயரொன்று ஆக்கப்பட்டது. ஒருவன் உயரமானவன், உறுதியானவன், முதலில் அணுகுபவன். மற்றவன் மென்மையானவன், நாணுபவன், இறுதியில் இசைபவன். பெண்ணை நீக்கிய பின்னரும் பெண்ணுக்கென வகுக்கப்பட்ட இடம் நீங்கவில்லை. இவ்விருவரில் 'மனைவி' யார் எனப் பார்வையாளர் ஆர்வத்தோடு வினவும்போது, அவர்கள் காண்பது புதியதொரு காதலையன்று. பழைய இல்லற ஒழுங்கினைப் புதிய உடையிலேயே காண்கின்றனர்.

இதனோடு இணைத்து நோக்கத்தக்கது இத்தொடர்கள் பலவற்றில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு வாய்பாடு. தான் ஆண்களை விரும்புபவன் அல்லன் என்றும், இந்த ஒருவனையே விரும்புகின்றான் என்றும் தலைவன் கூறுவான். காதல் பால் வேற்றுமையைக் கடந்தது என்பதற்கு இது சான்று எனப் பார்வையாளர் ஒருசாரார் மகிழ்வர். ஒருபாற் காதலரின் இருப்பையே மறுத்துக்கொண்டு அவர்தம் கதையைச் சொல்லும் தந்திரம் இது எனப் பிறிதொரு சாரார் கண்டிப்பர். இப்பிணக்கினை விளங்கிக்கொள்ள இந்திய அழகியலாரின் ஒரு கருத்துத் துணைபுரியும். கலையிலே தோன்றும் உணர்ச்சி, இன்னாருக்கு இன்ன இடத்தில் உரியது என்னும் தனித்தன்மை நீங்கிப் பொதுமை எய்துவதாலேயே சுவைஞனுக்குச் சுவையாகின்றது என்பது அபிநவகுப்தர் முதலியோர் கொள்கை. அக்கொள்கை இந்நாடகங்களின் ஆற்றலை நன்கு விளக்குகின்றது. தன் வாழ்வில் ஒருபோதும் எதிர்கொண்டிராத காதலொன்றுக்காக ஒரு பெண்ணோ ஆணோ உருகுவது இப்பொதுமைப்பாட்டினாலன்றோ? ஆயினும் பொதுமை எய்தும்போது கழிந்துபோவது யாது என்னும் வினா எஞ்சுகின்றது. காதல் எல்லார்க்கும் பொது. ஆனால் அக்காதலுக்காகத் தந்தையின் வீட்டை இழப்பதும், வகுப்பறையில் எள்ளப்படுவதும், நோயுற்ற துணைவனின் கட்டிலருகே உறவினனாக நிற்க உரிமையற்றிருப்பதும் எல்லார்க்கும் பொதுவானவையல்ல. சுவைஞன் தனக்குப் பொதுவானதை எடுத்துக்கொண்டு, பிறர்க்கே உரியதை அவரிடமே விட்டுச் செல்கின்றான்.

இவ்வுண்மையை வெளிப்படையாகக் காட்டுபவை இத்தொடர்களின் துணைப்பாத்திரங்களாகும். அழகிய தலைவர் இருவரின் அருகே, பெண்மைச் சாயல் மிகுந்த நண்பன் ஒருவனோ திருநங்கை ஒருவரோ சிரிப்பூட்டுவதற்கென்றே நிறுத்தப்படுவதைப் பல தொடர்களிற் காணலாம். தலைவரின் பிரிவுக்காக அழும் அதே பார்வையாளர், அடுத்த காட்சியிலே அந்நண்பனின் நடையையும் குரலையும் கண்டு நகைக்கின்றனர். தொல்காப்பியர் நகை, அழுகை ஆகிய இரண்டையும் மெய்ப்பாடுகளாக அடுத்தடுத்து வைத்தார். எள்ளல் நகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்று என்பதும் அவர் கண்டதே. இங்கே அழுகை ஒருவருக்கும் எள்ளல் மற்றவருக்குமாகப் பங்கிடப்படுகின்றது. இருவரும் விரும்புவது ஒரே பாலினரைத்தான். ஒருவர் பார்வையாளரின் அழகுணர்வுக்கு இசைந்தவர், மற்றவர் இசையாதவர் என்பதே வேறுபாடு. ஆகவே அவ்வழுகை ஒருபாற் காதலுக்காக எழுந்ததா, அழகுக்காக எழுந்ததா என்னும் ஐயம் தவிர்க்கவொண்ணாதது.

பார்வையாளரின் உணர்ச்சி கதையின் எல்லைக்குள் நிற்குமட்டும் அதன் தீங்கு சிறிது. அது நடிகரின் வாழ்வினுள் நுழையும்போதே அறவினா கூர்மையடைகின்றது. நாடகத்தில் இணைந்து நடித்த இருவர் வாழ்விலும் காதலரே எனக் கற்பிக்கும் வழக்கம் தாய்லாந்தில் வேரூன்றியுள்ளது. அத்தகைய இணையைக் 'கூ ஜின்' என்பர். 'கூ' என்பது சோடி, 'ஜின்' என்பது கற்பனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்றின் குறுக்கம். நிறுவனங்கள் அவ்விருவரையும் இணையாகவே மேடையேற்றுகின்றன. இணையாகவே விளம்பரங்களிலும் தோன்றச் செய்கின்றன. அவர்களுள் ஒருவர் வேறொருவரை விரும்புவதாகத் தெரியவரின் பார்வையாளருள் ஒரு பகுதியினர் துரோகம் இழைக்கப்பட்டவர்போற் கொதிக்கின்றனர். அந்நடிகர் விரும்பும் பெண்ணையும் வசைபாடுகின்றனர். காதலின் சுதந்திரத்தைக் கொண்டாடுவதற்குத் திரைமுன் கூடியோர், உயிருள்ள ஒருவரின் காதற் சுதந்திரத்தை மறுப்பவராக மாறும் முரண்பாடு இதுவாகும். மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்னும் கான்ற்றின் நெறி இவ்விடத்து மீறப்படுகின்றது. ஆயினும் இக்குற்றத்தைப் பார்வையாளர்மீது மட்டும் சுமத்துதல் தகாது. நெருக்கத்தையே பண்டமாக்கி விற்ற நிறுவனம், விலைகொடுத்தவர் உரிமை கோரும்போது வியப்படைய நியாயமில்லை.

'நாடகம் நாடகமே; ஓய்வு நேரத்து இன்பத்துக்கு அறத்தின் சுமை எதற்கு' என இங்கு ஒருவர் வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. எல்லாக் கலையையும் போதனையாக்குவோர் கலையையும் கெடுப்பர், போதனையையும் கெடுப்பர். ஆனால் இத்தொடர்களின் பார்வையாளர் தாமே அவற்றைப் பொழுதுபோக்காக மட்டும் கொள்வதில்லை. இசைவின்றி ஒருவனைத் தீண்டுவதையும் காதலாகவே காட்டுவதாக 2019இல் ஒளிபரப்பான 'தார்ன் டைப்' போன்ற தொடர்கள் கண்டிக்கப்பட்டன. கண்டித்தோருட் பலர் இவ்வகை நாடகங்களின் ஆர்வலரே. இன்பந் துய்ப்பவரே அவ்வின்பத்தின் அடிப்படையை வினவுகின்றனர் என்பது நம்பிக்கை தரும் செய்தியாகும்.

அவ்வினவல் படைப்பையும் பாதித்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. புகெற் தீவைக் களமாகக் கொண்டு 2020இல் வெளிவந்த 'ஐ டோல்ட் சன்செற் எபௌட் யூ' என்னும் தொடரிலே, பல்கலைக்கழக அனுமதிக்காகச் சீனமொழி பயிலும் மாணவர் இருவரின் காதல் சித்திரிக்கப்படுகின்றது. இளைஞனொருவன் பெண்ணின் மார்புக்கச்சையை அணிந்து கண்ணாடிமுன் நின்று, தான் யார் என வினவுவதுபோலத் தன்னையே நோக்கும் காட்சி அதில் உண்டு. பிற தொடர்களில் நகைப்புக்கு உரியதாகியிருக்கக்கூடிய அக்கோலம் இங்கே நகைப்பை அனுமதிப்பதில்லை. பார்வையாளர் தமக்கு இசைந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு செல்ல இயலாதவாறு அக்காட்சி அவரைத் தடுத்து நிறுத்துகின்றது. உருகிக் கரைவதற்குப் பதிலாக விலகி நின்று சிந்திக்குமாறு பிறெக்ற் தம் பார்வையாளரைக் கோரினார். அவர் கையாண்ட உத்திகள் இங்கில்லை. எனினும் அவர் வேண்டிய இடைவெளியிற் சிறிதளவேனும் இங்கு தோன்றுகின்றது.

பகைகொண்ட இரு குடும்பத்து இளைஞரின் கதையான 'பேட் படி' 2021 ஒக்ரோபர் முதல் 2022 ஜனவரி வரை ஒளிபரப்பானது. அது ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த நாள்களில், 2021 நவம்பர் 17ஆந் திகதி, திருமணத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியதென வரையறுத்த சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானதன்று என அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரையில் இரு இளைஞர் இணையவேண்டும் என ஏங்கிய நாட்டிலே, வாழ்வில் அத்தகைய இருவர் சட்டத்தின்முன் அந்நியராகவே நின்றனர். அந்நாடகமும் முழு வெற்றியில் முடியவில்லை. தாம் பிரிந்துவிட்டதாகப் பெற்றோர் எண்ணுமாறு காட்டிக்கொண்டு காதலர் தம் உறவைத் தொடர்கின்றனர். மங்கல முடிவின் இனிமைக்குள்ளே தீராத கடனொன்றை அது விட்டுவைத்தது.

அக்கடனைச் சட்டத்தளவிலேனும் தீர்த்தவர் கண்ணீர் விட்டோர் மட்டும் அல்லர். பல்லாண்டுகள் மனுக் கொடுத்தும், வழக்காடியும், வீதியில் நின்றும் போராடியோரின் உழைப்பினால் 2024 யூன் 18ஆந் திகதி திருமண சமத்துவச் சட்டமூலம் மூதவையில் நிறைவேறி, 2025 ஜனவரி 23ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்காசியாவில் அத்தகைய சட்டத்தை இயற்றிய முதல் நாடு தாய்லாந்தே. இச்சட்டத்தை நாடகங்கள் ஈட்டித்தந்தன எனல் போராடியோர்க்கு இழைக்கும் அநீதி; அவற்றுக்கு யாதொரு பங்குமில்லை எனலும் மிகைக்கூற்றே. அருவருப்பாகக் கருதப்பட்டதொன்றை அன்றாடக் காட்சியாக்கிக் காதுகளைத் திறந்த பணி அவற்றுக்கு உண்டு. திறந்த காதுகளுக்குச் சொல்லவேண்டியதைச் சொன்னோர் வேறு மனிதர்.

எனவே ரூசோவின் ஐயம் முற்றாகப் பொய்க்கவுமில்லை, முற்றாக மெய்ப்படவுமில்லை. இரக்கம் தன்னையொத்தவரைத் தேடிச் செல்கின்றது. நீதியோ தன்னை ஒவ்வாதவருக்கும் உரியதை வழங்கக் கோருகின்றது. முன்னையதிலிருந்து பின்னையதற்குச் செல்லும் பாதையைக் கலை காட்டலாம். பார்வையாளருக்காக அதில் நடந்து செல்ல அதனால் இயலாது. அழகிய காதலர் இருவருக்காக அழுத ஒருவர், அழகற்ற ஒருவரை, எள்ளப்படும் ஒருவரை, தம் வீட்டிலேயே வாய்திறக்க அஞ்சும் ஒருவரை எவ்வாறு எதிர்கொள்கின்றார் என்பதிலேயே அக்கண்ணீரின் மதிப்பு அறியப்படும்.