வயிற்றின் குற்றமா?

பருத்த உடலைக் கண்டால் ‘பெருந்தீனிக்காரன்’ என்கிறோம். ஒட்டிய கன்னத்துடன் மலையிறங்கி வரும் தோட்டத் தொழிலாளியைக் கண்டால், ‘உழைத்ததைக் குடித்துத் தீர்த்தவன்’ என்கிறோம். இவ்விரு தீர்ப்புகளும் வெவ்வேறு திசைகளிலிருந்து வருவன போலத் தோன்றினும் ஒரே நீதிமன்றத்தில் எழுதப்படுபவையே. ஒருவனது உடல் அவனது ஒழுக்கத்தின் நற்சான்றுப் பத்திரம் என்பதே அந்நீதிமன்றத்தின் சட்டம். அச்சட்டம் நியாயமானதுதானா என்பதை இங்கு நாம் விசாரிக்க விரும்புகிறோம்.

விசாரணையை உடற்கூற்றிலிருந்தே தொடங்குவோம். கொழுப்பு என்பது உடம்பின் மூலையில் கிடக்கும் உயிரற்ற சேமிப்பு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1993இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், பருத்த எலிகளின் கொழுப்பிழையம் அழற்சியைத் தூண்டும் பொருளொன்றைச் சுரப்பதைக் கண்டனர். மறு ஆண்டிலே, அதே இழையம் சுரக்கும் லெப்டின் என்னும் ஓமோன் நியூயோர்க்கில் கண்டறியப்பட்டது. பருமன் மிகுந்துவிட்டால், கிருமிகளை விழுங்கும் தின்குழியங்கள் கொழுப்பினுள் கூட்டங்கூட்டமாகக் குடியேறுகின்றன என்பது 2003இல் தெளிவாயிற்று. பகைவன் எவனும் நுழையாத ஊரில் காவற்படை முகாமிட்டு, ஓயாமல் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கும் நிலை அது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த இந்நாட்டவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய காவல் மெய்யான பகை வரும்போது சோர்ந்து போகிறது. அமெரிக்க வைத்தியசாலை ஊழியரிடையே ஹெப்படைட்டிஸ் ‘பீ’ தடுப்பூசி பருத்தவர்களிடம் குறைந்த பயனையே தந்தது என்பது 1985இலேயே பதிவாகியிருந்தது. 2020இல் கொரோனாத் தொற்று வந்தபோது பருத்தவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை உலகமே கண்டது.

இனி மறுபக்கம். உணவு குறைந்தால், வெண்குருதிக் கலங்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது, லெப்டினும் வீழ்கிறது. பட்டினியிட்ட எலிகளுக்கு லெப்டினைச் செலுத்தியபோது, குன்றியிருந்த நிர்ப்பீடனம் மீண்டெழுந்ததை 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினர். ஆக, மிகையும் பசியும் ஒரே காவலரணைத்தான் இடிக்கின்றன. பட்டினி தன் சொந்தப் பெயரில் கொல்வது அரிது. வயிற்றோட்டம், சளிக்காய்ச்சல் என்ற பெயர்களில் அது கொல்கிறது. 1973-74இல் உணவுப் பங்கீடு சுருங்கியபோது, இலங்கைத் தோட்டங்களில் இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது. அப்போது மாண்டவர்களின் மரணப் பத்திரங்களில் ‘பசி’ என்ற சொல்லை எத்தனை கணக்கப்பிள்ளைகள் எழுதியிருப்பார்கள்?

இங்கே நம் தோழர்கள் சிலர் குறுக்கிடுவர். ‘பருமன் முதலாளி வர்க்கத்தின் நோய்; கொழுப்பைக் கரைக்கும் கவலை அவர்களுக்கிருக்கட்டும்; லயத்துக் குழந்தைக்குப் பால் வேண்டும் என்பதே நம் கவலை’ என்பர். இக்கூற்றில் நியாயமான கோபம் இருக்கிறது; உண்மை பாதிதான் இருக்கிறது.

ஹட்டன், டிக்கோயா, நுவரெலியாப் பகுதிகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் சுமார் 17 சதவீதம். தோட்டப் பகுதியிலோ ஏறக்குறைய மூவரில் ஒருவர். இக்குறை தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது. கருவில் பசித்த குழந்தை பிற்காலத்தில் நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் எளிதில் இலக்காகும் என இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் எடுத்துரைத்தார். புனே நகரில் யாக்னிக் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் இன்னொன்றையும் கண்டனர்: அங்கு பிறக்கும் குழந்தை ஆங்கிலக் குழந்தையைவிட எடையில் சிறியது, தசையும் குறைவு, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் ஒளிந்திருக்கும் பருமன் இது.

அக்குழந்தை நம் மலையில் வளர்கிறது. காலையில் கோதுமை மா ரொட்டி, சம்பல். இடையில் சீனி போட்ட சாயம். இரவிலும் பெரும்பாலும் மாவே. நெடுங்காலமாக மாவைத் தோட்டமே கடனாகக் கொடுத்துச் சம்பளத்திற் கழித்து வந்தது. மீனும் முட்டையும் பருப்பும் வேண்டுமென்பது தெரியாததால் எவரும் உண்ணாமலில்லை. பின்னர் அப்பிள்ளை பதினெட்டு வயதிலே கொழும்புக்குப் போய்க் கடையொன்றில் நாள் முழுவதும் நின்று, இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி உண்டு, சில ஆண்டுகளில் வயிறு பருத்துத் திரும்பி வருகிறான். ‘பட்டணத்துச் சோறு நன்றாக ஒட்டியிருக்கிறதே!’ என்று ஊர் மகிழ்கிறது. ஒரே உடலில், ஒரே ஆயுட்காலத்தில், பசியும் பருமனும் அடுத்தடுத்துக் குடியிருந்து போகின்றன. இதனை எந்த வர்க்கத்தின் நோய் என்பது?

மனவுறுதியைப் பற்றிப் பேசுவோருக்கு ஒரு செய்தி. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகள் சிலர் உண்டு. அடங்காத பசியால் அவர்கள் மிகப் பருத்துப் போவார்கள். அத்துடன் தொற்றுநோய்களும் அவர்களை விடுவதில்லை. இங்கிலாந்தில் அத்தகைய குழந்தைகளுக்கு லெப்டினை ஊசி மூலம் கொடுத்தபோது பசி அடங்கிற்று, நிர்ப்பீடனமும் சீரடைந்தது. நீதிபோதனை எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எல்லாப் பருமனும் இத்தகையதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் பசியையே பாவமாக்கும் வாதம் அந்த ஊசி முனையில் உடைந்து விடுகிறது.

அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் 1966இல் தொடக்கிவைத்த இரைப்பைச் சத்திரசிகிச்சை, இன்று பல வடிவங்களில் கொழும்பிலும் செய்யப்படுகிறது. பரவலான ஒரு முறையில் இரைப்பையின் முக்காற் பங்களவு வெட்டி அகற்றப்படுகிறது. எடை குறைவதோடு குருதியில் அழற்சியின் அடையாளங்களும் தாழ்கின்றன; கொழுப்பினுள் முகாமிட்ட தின்குழியங்கள் கலைகின்றன; பலருக்கு நீரிழிவு தணிகிறது. கொழுப்புக் கலங்கள் சுருங்குகின்றனவேயன்றி எண்ணிக்கையிற் குறைவதில்லை. உயிரைக் காக்கும் இச்சிகிச்சையை ஆடம்பரம் என்று ஏளனஞ் செய்வதை நாம் ஏற்பதற்கில்லை. ‘சோம்பேறிகளின் குறுக்குவழி’ என்பதும் பழைய நீதிமன்றத்தின் தீர்ப்பே. இதனைத் தாங்கமாட்டாத ஏழைக்கும் அரசாங்க வைத்தியசாலைகளில் இது கிடைக்க வேண்டும் என்று கேட்பதே நேர்மை.

ஆனால் அக்கத்தி ஒரு விந்தையையும் செய்கிறது: குறைவாக உண்ணும் உடலொன்றை அது செயற்கையாகப் படைக்கிறது. அவ்வுடலில் இரும்பு குறையும், பீ12 விற்றமின் குறையும், நாகம் குறையும். கவனியாது விட்டால் மீண்ட நிர்ப்பீடனம் மறுபடியும் தளரும். எனவே வைத்தியர் வாழ்நாள் முழுவதும் மாத்திரைகளை எழுதிக் கொடுக்கிறார். குறித்த காலத்தில் குருதிப் பரிசோதனைக்கு அழைக்கிறார். இருக்கவேண்டிய கண்காணிப்புத்தான் அது.

கொழுந்து நிறுக்கும் தராசு ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மலைக்கு வருகிறது. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிவு போக, கிராம் பிசகாமல் கணக்கு ஏறுகிறது. பிரசவம் நெருங்கிய கொழுந்துக்காரியின் குருதியில் இரும்பு குறைந்திருக்கிறதா என்பதைக் கிளினிக்கில் மருத்துவிச்சி பார்க்கிறாள். மாத்திரையும் திரிபோஷாப் பையும் கையிற் கொடுக்கிறாள். 2022இல் நாடு வங்குரோத்தானபோது அந்தத் திரிபோஷாவும் தட்டுப்பட்டது. அவ்வாண்டு பிறந்த குழந்தைகளின் பிறப்பு எடை, தாய்மார் பத்திரப்படுத்தியிருக்கும் சுகாதாரப் பதிவேடுகளில் இன்னும் இருக்கிறது.