குளக்கட்டு நாய் யாருடையது?

கட்டுக்கரைக் குளக்கட்டில் படுத்துறங்கும் நாய் யாருடையது? நம்முடையதன்று என்போம், கடித்த பின்னரோ ஊரே அதனைத் தேடும். 1893ஆம் ஆண்டு விசர்நாய்ச் சட்டம் அதனைக் கொல்லவே வழிவகுத்தது. கொன்றோம், வெறுமையான இடத்துக்கு வேறு நாய் வந்தது, விசரும் வந்தது. சென்னையில் 1959இல் தோன்றிய புளூ கிராஸ் கருத்தடையை வற்புறுத்தியது. மாநகராட்சி செவிசாய்க்க 1996 ஆயிற்று! இலங்கை அரசு, கொல்லாக் கொள்கையை 2006இல்தான் ஏற்றது.

வாயற்ற உயிரின் சந்ததியை அறுப்பது கருணையாகுமா? முழுக் கருணையன்று, கூசியே ஒப்புகிறோம். ஆயினும் அது கொலையினும் மேல். நூற்றுக்கு எழுபது நாய்களுக்கேனும் ஆண்டுதோறும் தடுப்பூசி ஏறாவிடில் நோய்ச் சங்கிலி அறாது. நகரத்துத் தருமவான்களின் நன்கொடை நகரத்து நாய்களைக் காக்கலாம். கட்டுக்கரை வயல்வரம்பில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளை எந்தத் தருமவானின் வருகைக்காகக் காத்திருப்பது?