146 மீட்டர்

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இருக்கும் பிரைட்டன், லண்டன்காரர்கள் விடுமுறை கிடைத்தால் ரயிலேறி வந்து இறங்கும் ஊர். மணல் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. கடற்கரை நெடுகக் கூழாங்கற்கள். பிப்ரவரிக் குளிரில் அந்த ஊரில் ஓர் அரை மாரத்தான் நடந்துவந்தது. மடைரா டிரைவ் என்ற கடலோரச் சாலையில் கிளம்பி, கிழக்கே போய்த் திரும்பி, மேற்கே பக்கத்திலிருக்கும் ஹோவ் வரை ஓடித் திரும்பினால் 21.0975 கிலோமீட்டர். அப்படித்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2017இல் ஏற்பாட்டாளர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகளாகவே பாதை 146 மீட்டர் குறைவாக இருந்திருக்கிறது. மன்னிக்க வேண்டும் என்றார்கள்.

ஆயிரக்கணக்கானோர் மெடல் வாங்கி, படம் எடுத்து, வீட்டில் மாட்டிவைத்திருந்த அரை மாரத்தான், அரை மாரத்தானே இல்லை என்று ஆகிவிட்டது.

21 கிலோமீட்டரில் 146 மீட்டர் என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. இதற்கா இத்தனை பேச்சு என்று ஓடாதவர்களுக்குத் தோன்றும். ஓடுபவர்கள் உடனே கணக்குப் போட்டிருப்பார்கள். சாதாரண ஓட்டக்காரர்களுக்கு அரை மாரத்தானில் ஒரே ஒரு மதில்தான் உண்டு: இரண்டு மணி நேரம். ‘சப்-டூ’ அடித்துவிட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் அந்தப் பாதையில் 1 மணி 59 நிமிடம் 30 விநாடியில் முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் விடுபட்ட 146 மீட்டரையும் ஓடியிருந்தால் இன்னும் 50 விநாடி ஆகியிருக்கும். 2 மணி 20 விநாடி. மதில் இன்னும் அங்கேயே நிற்கிறது.

இந்த இடத்தில் ஓர் ஆறுதல் வார்த்தை தயாராக வந்து நிற்கும். “விடுங்க, ஓடினீங்கல்ல, அதுதானே முக்கியம்.” சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால், இழந்தது தன்னுடையதாக இல்லாதபோது சொல்ல வசதியான வார்த்தை அது. ஓடுவதே போதும் என்றால் ஊர்ப் பூங்காவைச் சுற்றியிருக்கலாமே. பணம் கட்டி, எண் குத்திய பனியனோடு குளிரில் வந்து நின்றிருக்க வேண்டாம். அவர் வந்தது ஒரு குறிப்பிட்ட தூரத்தை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் கடக்க. அது நடக்கவில்லை என்றால் நடக்கவில்லைதான். அந்த ஏமாற்றத்தை மறுப்பது அவருடைய ஆசையைச் சின்னதாக்குவது.

இழப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதும் உண்மை. பிரிட்டனில் இத்தகைய பந்தயங்களில் பெருங்கூட்டம் அறக்கட்டளைகளுக்கு நிதி திரட்டத்தான் ஓடுகிறது. நோயாளிகளுக்காகத் திரட்டிய நிதியில் 146 மீட்டர் எதையும் குறைத்துவிடாது. முதல் தடவை ஓடி, முடித்தால் போதும் என்று வந்தவருக்கு வருத்தம் ஒருநாள் நிற்கலாம். தரவரிசைப் பட்டியலில் பெயர் வர வேண்டியவருக்கோ அந்த ஓட்டம் கணக்கிலேயே சேராது.

ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் கேலம் ஹாக்கின்ஸுக்கு இது நேர்ந்தது. 2016 அக்டோபரில் கிளாஸ்கோவில் நடந்த கிரேட் ஸ்காட்டிஷ் ரன் அரை மாரத்தானில் 60 நிமிடம் 24 விநாடியில் ஓடி ஸ்காட்டிஷ் சாதனை படைத்தார். பிறகு அளந்தபோது அந்தப் பாதையும் ஏறத்தாழ 150 மீட்டர் குறைவு என்று தெரிந்தது, சாதனை செல்லாது. ஆனால் 2017 பிப்ரவரியில், ஜப்பானின் உள்கடல் ஓரத்தில் இருக்கும் மாருகாமே என்ற ஊரில், அவர் சரியாக 60 நிமிடத்தில் ஓடி முடித்திருந்தார். கிளாஸ்கோ கைவிட்டதை மாருகாமே கொடுத்துவிட்டது. அவரைப் போன்றவர்களுக்கு அது முடியும். வயது ஐம்பதைத் தாண்டி, முழங்காலில் கட்டோடு ஒரே ஒரு முறை மதிலைத் தாண்டியவருக்கு?

சாலையை எப்படித்தான் அளக்கிறார்கள்? சைக்கிளை வைத்துத்தான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘ஜோன்ஸ் கவுன்ட்டர்’ என்ற சின்னக் கருவி வந்தது. முன்சக்கரத்தின் அச்சில் பொருத்தினால், சக்கரம் உருள உருள, சுமார் 10 சென்டிமீட்டருக்கு ஓர் எண் ஏறும். எஃகு நாடாவால் அளந்து குறித்த ஒரு நேர்ச்சாலையில் முதலில் பலமுறை ஓட்டி, கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று தெரிந்துகொள்வார்கள். பாதை முழுவதையும் ஓட்டி அளந்த பிறகு மறுபடி அதே சாலைக்கு வந்து சரிபார்ப்பார்கள். வெயில் ஏறினால் டயரில் காற்று விரியும், கணக்கு மாறும், அதற்காகத்தான். வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஒருவர் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் சக்கரம் போக வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்ப்பார்கள். அரை மாரத்தானில் அது 21 மீட்டர் வரும். காய்கறிக்காரர் நிறுத்துப் போட்ட பிறகு கொசுறாக ஒரு பிடி கறிவேப்பிலை வைப்பதைப் போல, எந்தத் தவறு நேர்ந்தாலும் தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. சரியாக அளந்த பாதையில் ஓடும் ஒவ்வொருவரும் தெரியாமலே இந்தக் கொசுறையும் சேர்த்துத்தான் ஓடுகிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யாரும் மிகக் குறுகிய கோட்டிலேயே ஓடுவதில்லை. கூட்டத்தில் விலகுவார்கள், தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவார்கள். ஜிபிஎஸ் கைக்கடிகாரத்துக்கும் அதன் பிசகு உண்டு. அதனால் சரியான பாதையில் கடிகாரம் 21.2, 21.3 என்று கூட்டிக் காட்டுவது வழக்கம். உடனே “பாதை நீளம், அளக்கத் தெரியவில்லை” என்று புகார் எழும். பாதை 146 மீட்டர் குறைந்தால், கடிகாரம் ஏறக்குறைய 21.1 காட்டும். அப்போது எல்லோருக்கும் திருப்தி. தனக்குப் பாதகமான தவறைக் கண்டுபிடிப்பதில் மனிதருக்கு இருக்கும் கூர்மை, சாதகமான தவறு வரும்போது எங்கோ போய்விடுகிறது. 2021இல் பிரைட்டனின் முழு மாரத்தான் 568 மீட்டர் நீளமாகிப்போனது. அதை ஏற்பாட்டாளர்கள் ஒப்புக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஆகவில்லை.

அளவு சரியாகவே இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கடலோரத்தில் ஓடியவர்களுக்குக் காற்று தெரியும். போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது மார்பில் கை வைத்து நிறுத்தும். 100 மீட்டர் ஓட்டத்தில் பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது. சாலை ஓட்டத்தில் காற்றை யாரும் அளப்பதில்லை. அதற்கு மாற்றாகத்தான் வேறு விதிகள்: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நேர்த்தூரம் பந்தயத் தூரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. 1981இல் பிரெண்டன் ஃபாஸ்டர் தொடங்கிய கிரேட் நார்த் ரன் என்ற அரை மாரத்தான், நியூகாசிலில் கிளம்பிக் கடலோர ஊரான சவுத் ஷீல்ட்ஸில் முடிகிறது. ஒரே திசை ஓட்டம், இறக்கமும் அதிகம். 2011இல் கென்யாவின் மார்ட்டின் மாத்தாத்தி அங்கே 58 நிமிடம் 56 விநாடியில் ஓடினார். எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்தப் பாதையில் உலக சாதனை கிடையாது.

ஆக, நேரக்கணக்கு என்பது ஓடியவரின் முழு உண்மை அல்ல. காற்று, வயது, முந்தின இரவின் தூக்கம் எதுவும் அதில் இல்லை. முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் என்ற தூரமே 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி அரச மேடை முன் முடித்ததால் வந்தது. 1921இல்தான் அதை நிலையாக்கினார்கள். அதில் பாதிதான் நம் 21.0975. அந்த எண்ணின் பயன் வேறு: முகம் பார்த்திராத பிரைட்டன்காரரும் மாருகாமேக்காரரும் ஒருவருக்கொருவர் “நான் இவ்வளவு ஓடினேன்” என்று சொன்னால் நம்பலாம் என்ற ஏற்பாடு. 146 மீட்டர் குறைந்தபோது உடைந்தது அந்த ஏற்பாடுதான். தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஓடியவருக்கு மடைரா டிரைவின் எதிர்காற்று போதும். பிறரிடம் சொல்ல வேண்டுமானால் இன்னொரு முறை ஓட வேண்டும்.

2025 செப்டம்பரில் கிரேட் நார்த் ரன் முடித்தவர்களுக்குக் கொடுத்த மெடலிலும் பனியனிலும் நியூகாசிலின் டைன் நதிக்குப் பதில், பக்கத்து ஊரான சண்டர்லேண்டின் வேர் நதி வரைபடம் அச்சாகியிருந்தது. கால்பந்தில் இந்த இரண்டு ஊருக்கும் ஏழாம் பொருத்தம். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள். படம் தவறு, தூரம் சரி. சப்-டூ அடித்து அந்தப் பனியனை மாட்டிக்கொண்டு போனவர்கள், எந்த ஆற்றைப் போட்டிருந்தாலும் சப்-டூதான்.