துருவும் பூச்சும்

பழுதுற்ற ஒரு பொருளைச் செப்பனிடுகின்றவன் உண்மையில் செய்வது என்ன? அதன் குறையை நீக்குகின்றானா, அல்லது பிறர் கண்ணுக்குப் புலப்படாதவாறு மறைக்கின்றானா? இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிற்குப் பின்னும் பொருள் பளபளக்கும். ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு மெய்க்கும் பொய்க்கும் இடையே உள்ள தொலைவாகும். இதனை நான் பலகாலும் மாணவர்க்குச் சொல்லியிருக்கின்றேன். நெஞ்சார உணர்ந்ததோ, பிறர் கழித்துவிட்ட ஓர் எரிவாயு அடுப்பின் முன்னே முழந்தாளிட்டு அமர்ந்திருந்தபொழுதுதான்.

ஈப்போ நகரை அடுத்த குனோங் ராபாட், சுண்ணாம்புக்கல் மலைகளின் அடிவாரத்தில் அமைந்த ஊர். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்தன. பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தன. லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் ஈப்போவின் புறநகர்களில் புதுவாழ்வு தொடங்கின. என் குடும்பமும் அவற்றுள் ஒன்று. என் தந்தையார் பால்மரம் சீவியவர். எப்பொருளையும் எளிதில் எறிந்துவிடாத வழக்கம் எங்கள் வீட்டில் வறுமை கற்பித்த பாடமாகும். அவ்வழக்கமே என்னை ஒருநாள் பழைய இரும்புக் கடைக்கு அழைத்துச் சென்றது.

பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் விற்பனை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மீனையும் கோழியையும் கம்பித் தட்டின்மேல் வாட்டித் தருவதற்கு ஓர் அடுப்பு வேண்டியிருந்தது. புதியது வாங்கப் பணம் இல்லை. கடையின் மூலையில், மூடியும் சக்கரங்களும் கொண்ட எரிவாயு வாட்டடுப்பு ஒன்று நின்றது. அது வெள்ளிநிறப் பூச்சில் மின்னியது. விலையும் மலிவு. மனநிறைவோடு வாங்கி வந்தேன்.

பள்ளியின் பின்புறத்தில் அதனைக் கழுவத் தொடங்கியதும் மகிழ்ச்சி குறைந்தது. நீர் பட்ட இடத்தில் வெள்ளிப்பூச்சு தோலாக உரிந்தது. அதன் அடியில் துரு. துருவின் அடியில் ஆண்டுக்கணக்கில் உறைந்த கொழுப்பு. யாரோ ஒருவர் அழுக்கைக் கழுவாமலே அதன்மேல் வண்ணம் பூசியிருந்தார். இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் காற்றும் போதும். பூச்சுக்குக் கீழே ஈரம் தங்கிவிட்டாலோ, துரு யார் கண்ணிலும் படாமல் உள்ளே பரவும். மறைக்கப்பட்ட குறை மறைந்திருக்கும் காலமெல்லாம் வளர்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எங்கள் பள்ளித் தோட்டக்காரர் துணைக்கு வந்தார். அறுபதைக் கடந்தவர், இளமையில் இரப்பர்த் தோட்டத்தின் புகைக்கொட்டகையில் வேலை பார்த்தவர். இருவருமாக அடுப்பைத் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்தோம். சவர்க்கார நீரில் ஊறவைத்துக் கொழுப்பை நீக்கினோம். நான் கம்பித் தூரிகையை எடுத்துத் தட்டைத் தேய்க்க முற்பட்டேன். பின்னர் அதனைக் கீழே வைத்துவிட்டேன். அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 2011, 2012ஆம் ஆண்டுகளில், வாட்டிய உணவோடு தூரிகைக் கம்பித் துணுக்கையும் விழுங்கிய அறுவர் ஒரே மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற செய்தி என் நினைவுக்கு வந்தது. தூய்மை செய்யும் கருவியே தீங்கை விட்டுச் செல்லக்கூடும். ஆகவே தேங்காய் நாரால் தேய்த்து, ஈரத்துணியால் பலமுறை துடைத்தோம்.

அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தபொழுது சுடர் மஞ்சளாக எழுந்தது. காண்பதற்கு அழகிய சுடர்தான். ஆனால் எரிவாயு அடுப்பில் மஞ்சட் சுடர், போதிய காற்று கலவாமல் வாயு அரைகுறையாக எரிவதன் அறிகுறி. அது கரியைப் படியவைக்கும், நச்சுவாயுவையும் உண்டாக்கும். முழுமையாக எரியும் சுடரோ நீலமாய், அடக்கமாய் நிற்கும். வாயுவும் காற்றும் கலக்கும் குழலைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு சிலந்திக்கூடு! நெடுநாள் பயன்படாத அடுப்புகளில் சிலந்திகள் இவ்வாறு குடியேறுவது உலகெங்கும் அறியப்பட்ட செய்தியே. மெல்லிய குச்சியால் கூட்டை எடுத்தவுடன் சுடர் நீலமாயிற்று. வெளியே எத்தனைப் பூச்சு பூசினாலும் திருந்தாத குறை, உள்ளே ஒரு சிறு தடையை நீக்கியதும் தீர்ந்தது.

எஞ்சியது இரப்பர்க் குழாய். நம் மக்கள் 'கேஸ் தோங்' என வழங்கும் கலனையும் அடுப்பையும் இணைப்பது அது. பார்வைக்கு நன்றாகவே இருந்தது. துடைத்துப் பொருத்திவிடலாம் என்றேன். தோட்டக்காரர் தலையை அசைத்தார்.

"ஐயா, இரப்பரைத் தொட்டே வளர்ந்தவன் நான். மடிச்சுப் பாருங்க."

மடித்தேன். நுண்ணிய வெடிப்புகள் வரிவரியாக வாய் திறந்தன.

"இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் அண்ணே," என்றேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. மீண்டும் குழாயை இணைத்து, சுடரில்லாமல் வாயுவை மட்டும் திறந்து, சவர்க்கார நுரையை அதன்மேல் தடவினார். ஒரு குமிழி எழுந்தது; அருகே மற்றொன்று. நான் உடனே வாயுவை அடைத்தேன். கலனில் உள்ள புரோபேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலைந்து போகாது; தரையோடு தரையாகத் தவழ்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். விற்பனை நாளில் அவ்வடுப்பைச் சுற்றி நிற்கப் போகின்றவர்கள் யார்? ஏழு வயதுப் பிள்ளைகள்! இருபது, முப்பது வெள்ளியை மிச்சப்படுத்த விரும்பிய என் சிக்கனத்தை எண்ணி நாணினேன். அன்று மாலையே புதிய குழாயும் புதிய வாயுச் சீராக்கியும் வாங்கினேன். பழைய குழாயை யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி துண்டு துண்டாக நறுக்கி எறிந்தோம். வார்ப்பிரும்புத் தட்டை மட்டும், நம் தாய்மார் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல, எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பலமுறை பழக்கினோம்.

பழையது என்பதற்காக ஒன்றை எறிவது அறிவன்று. பழையது என்பதற்காகவே ஒன்றைக் காப்பதும் அறிவன்று. எது தேறும், எது தேறாது எனச் சோதித்து அறிதலே புதுப்பித்தலின் முதற்படி. சோதனையில்லாத இரக்கம் பிறர்க்குத் தீங்காய் முடியும்.

கிரேக்கர்களிடையே பழைய வினா ஒன்று உண்டு. தீசியசின் கப்பலை ஏதென்சு மக்கள் போற்றிக் காத்தனர். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினர். எல்லாப் பலகைகளும் மாறிய பின்னும் அது அதே கப்பல்தானா என அறிஞர் வாதிட்டதைப் புளூட்டார்க் எழுதியுள்ளார். என் அடுப்பைப் பற்றியும் இவ்வாறு கேட்கலாம். ஆனால் அறநெறியில் நின்று பார்ப்போர்க்கு இதனினும் முதன்மையான வினா வேறொன்று உண்டு. மாற்றிய பலகைகள் எவை என்பதை, அக்கப்பலில் ஏறுகின்றவனிடம் சொன்னோமா என்பதே அவ்வினா.

தமிழாசிரியர்க்கு இதற்கு அயலகச் சான்று தேட வேண்டியதில்லை. செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார் உ.வே.சாமிநாதையர். பெரும்புலமை படைத்த அவர் எண்ணியிருந்தால், சிதைந்த அடிகளைத் தாமே இயற்றி நிரப்பியிருக்கலாம். அவ்வாறு செய்தாரில்லை. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விடங்கள் இன்றும் வெற்றிடங்களாகவே உள்ளன. பல பாடல்களில் சிதைந்த சொற்களின் இடத்தில் புள்ளிகளே நிற்கின்றன. அவ்வெற்றிடங்களே அப்பதிப்பின் நேர்மைக்குச் சான்று. இல்லாததை இல்லை என்று காட்டியமையால்தான், உள்ளதை நாம் நம்பி ஓதுகின்றோம்.

இவ்வாறெல்லாம் எழுதும் எனக்கு, நானே பூசிய ஒரு பூச்சு நினைவுக்கு வருகின்றது. பல்லாண்டுகளுக்கு முன் நான் வகுப்பாசிரியனாக இருந்தபொழுது, ஆறாம் ஆண்டில் ஒரு மாணவன் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் இயலாதிருந்தான். பண்புள்ள பிள்ளை, பெற்றோர் உழைத்துக் களைத்தவர். அவர்கள் மனம் நோகலாகாது என்று கருதி, அவனது அறிக்கை அட்டையில் 'நல்ல முன்னேற்றம்' என எழுதிக் கையொப்பமிட்டேன். அதனை அன்பு என்றே நம்பினேன். அவன் இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்புக்குச் சென்றான். அவ்வாண்டு முடியுமுன்னரே படிப்பை விட்டுவிட்டான். உள்ளே இருந்த தடை யாதென நான் தேடவில்லை. நாடாமல், மேலே வெள்ளி வண்ணம் பூசி அனுப்பினேன். கடைக்காரர் இரும்புக்குச் செய்ததை நான் ஒரு பிள்ளைக்குச் செய்தேன். அவரைக் குறைகூற எனக்கு என்ன தகுதி?

மனிதனை அடுப்போடு ஒப்பிடுவது முற்றும் பொருந்தாது என்பதை அறிவேன். குழாயை நறுக்கி எறியலாம். பிள்ளையை எறிதல் இயலாது, எறிதலும் ஆகாது. ஆதலின் பிள்ளைகளிடத்தில் உண்மையின் தேவை இன்னும் மிகுகின்றது. குறையைச் சொல்லிவிட்டு விலகுவது கொடுமை. குறையை மறைத்துவிட்டு வாழ்த்துவது வஞ்சனை. குறையைச் சொல்லி, அருகிருந்து பழக்குவதே ஆசிரியன் கடமை.

விற்பனை நாள் இனிதே முடிந்தது. இரவுச் சந்தையில் மீன் வாட்டி விற்க எண்ணியிருந்த ஓர் அம்மையார் அவ்வடுப்பைக் கேட்டார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: குழாய் புதிது, சீராக்கி புதிது, தட்டு பழையது, பழக்கப்பட்டது, அடித்தகட்டில் துரு தின்ற ஓர் ஓட்டை உண்டு, சிலந்திக்காகக் குழலை அடிக்கடி பார்க்க வேண்டும். அவர் தாளை இருமுறை படித்தார். அந்த ஓட்டைக்காக விலையில் பத்து வெள்ளி குறைத்துக்கொள்ளச் சொன்னார். குறைத்துக்கொண்டேன். அப்பத்து வெள்ளி உண்மையின் விலை; மலிவான விலைதான்.

அடுத்த வாரம் என் மேசைக்கு வந்த அறிக்கை அட்டைகளில், மூன்றினைக் கையொப்பமிடாது வகுப்பாசிரியரிடமே திருப்பி அனுப்பினேன். 'நன்று' என்ற சொல்லை நீக்கி, பிள்ளைக்கு எது வருகின்றது, எது வரவில்லை, அதற்குப் பள்ளி என்ன செய்யப் போகின்றது என எழுதக் கேட்டுக்கொண்டேன். பெற்றோரை அழைத்து நானே சொன்னேன். ஒரு தாய் கண் கலங்கினார். பின்னர்க் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க ஐயா, எத்தனை மணிக்குப் பிள்ளையை அனுப்பட்டும்?" என்று கேட்டார்.

பள்ளி முடிந்தபின் அரைமணி நேரம், என் அறையிலேயே அம்மூவரும் இப்பொழுது படிக்கின்றார்கள். அவர்கள் தேறுவார்கள் என்று இன்று நான் எழுதினால், அதுவும் ஒரு பூச்சாகிவிடும். படிக்கின்றார்கள் என்பதே இன்றைக்கு உண்மை.