கைக்கடிகாரமும் கள்ளாமை விரதமும்

திருமணத்தில் மணமகனுக்குக் கைக்கடிகாரம் அணிவிப்பது நம் முன்னோர் வகுத்த சடங்கு அன்று. ஆயினும் இன்று அது சீர்வரிசையில் ஒன்றாக நிலைபெற்றுவிட்டது. பணியின் பொருட்டு இராஜபாளையம் வந்து, ஓய்வு பெற்ற பின்னும் இவ்வூரிலேயே தங்கிவிட்ட நாம், ஐந்து ஆண்டுகளுக்கு முன் நம் மகளின் திருமணத்திற்காக ஒரு கைக்கடிகாரம் வாங்கினோம். அதனால் எழுந்த ஐயப்பாடு ஒன்றையே இவ்விதழ் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

மணமகன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பணிபுரிபவர். அவருடைய உறவினர்கள் நடுவே நாம் எளியவராகத் தோன்றலாகாது என்னும் எண்ணம் நம்மை ஆட்டிப் படைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. சுவிட்சர்லாந்து நாட்டுப் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் கடிகாரம், புதிதாக வாங்கினால் மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். அறிந்தவர் ஒருவர், அதே கடிகாரம் சிறிது காலம் பயன்படுத்தப்பட்டது, தொண்ணூறாயிரத்துக்குக் கிடைக்கும் என்றார். பெட்டி இருந்தது, உத்தரவாத அட்டை இருந்தது, முகப்பில் பெயர் மின்னியது. யாருடைய மணிக்கட்டில் இருந்தது, ஏன் விற்கின்றார், முதலில் வாங்கிய ரசீது எங்கே என்று நாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறந்துவிட்டோம் என்று பல நாள் சொல்லிக்கொண்டோம். உண்மை அதுவன்று. கேட்டால் வரும் விடையால் அந்த விலை கைநழுவிப் போய்விடுமோ என்று அஞ்சியே கேளாதிருந்தோம்.

திருமணமாகி இரண்டு ஆண்டுகள் சென்றபின் கடிகாரம் நின்றுவிட்டதென்று மகள் அதை நம்மிடம் கொண்டுவந்து கொடுத்தாள். இராஜபாளையத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் அதனை எடுத்துச் சென்றோம். அவர் பின்மூடியைக் கழற்றி, கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பொருத்திச் சில நொடிகளே நோக்கினார்.

“ஐயா, இதிலே அந்தக் கம்பெனியின் பெயர் மட்டும்தான் வந்திருக்கிறது. உள்ளே மிஷின் வேறு.”

“நன்றாகப் பாருங்கள் அண்ணாச்சி” என்றோம்.

“இரண்டாம் தடவை பார்க்கிறேன் ஐயா. போன வருடம் தீபாவளிக்கு வந்தபோது மாப்பிள்ளைத் தம்பி கொண்டுவந்து காட்டினாரே, அப்போதே சொல்லி அனுப்பினேன். உங்களிடம் சொல்லவில்லையா?”

தொண்ணூறாயிரம் போனதை விட இந்தச் சொல்லே நம்மைத் தலைகுனியச் செய்தது.

விற்றவரிடம் சென்று கேட்டோம். அவர் கோபம் கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “ஒரு விதத்தில் இதுவும் அசல்தான், உறை எஃகுதான், பொறி ஓடத்தான் செய்கிறது” என்றார். பணத்தைத் திருப்பித் தர இயலாதாம். ஆனால், அதே விலைக்கு வாங்கிக்கொள்ள வேறொருவர் இருக்கின்றார், தாமே பேசி முடித்துத் தருவதாகக் கூறினார். நமக்கு இழப்பு இல்லை, வாங்குபவருக்கும் தெரியப்போவதில்லை. ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்திற்குத் தொண்ணூறாயிரம் சிறு தொகை அன்று. இரண்டு இரவுகள் நாம் அதைப் பற்றி எண்ணினோம் என்பதை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும்.

கள்ளாமை என்றவுடன் பிறர் வீட்டுப் பூட்டை உடையாமை என்று மட்டும் எண்ணி நிறைவு கொள்கின்றோம். ஆனால் அணுவிரதம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து அதிசாரங்களை வகுத்துக்கூறும் தத்துவார்த்த சூத்திரம், கள்ளாமைக்குக் கூறும் ஐந்தனுள் ‘பிரதிரூபக வியவகாரம்’ என்பதையும் வைத்துள்ளது. ஒன்றைப் போல மற்றொன்றைச் செய்து, அதனை அதுவாகவே காட்டி வாணிகம் செய்வது என்பது அதன் பொருள். நெய்யில் கலப்படமும் பொன்னில் கலப்படமும் உரைகாரர் மனத்தில் இருந்திருக்கலாம். இன்று அச்சொல்லுக்கு உரை எழுத வேண்டுமாயின் போலிக் கைக்கடிகாரத்தை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அவ்வைந்தனுள்ளேயே திருடிக் கொணர்ந்த பொருளைப் பெற்றுக்கொள்ளுதல் என்பதும் உண்டு; அரசின் சட்டத்தை மீறி ஆதாயம் தேடுதல் என்பதும் உண்டு. பழைய கடிகாரச் சந்தையில் இவை மூன்றும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. போலியாக இல்லாதது திருட்டுப் பொருளாக இருக்கலாம். திருட்டுப் பொருளாக இல்லாதது சுங்கவரி செலுத்தாமல் கடத்தி வந்ததாக இருக்கலாம். பொய்யான உத்தரவாத அட்டையோ வாய்மை விரதத்தின் அதிசாரமாகிய ‘கூடலேக கிரியை’யில், அதாவது பொய்ப் பத்திரம் எழுதுவதில் அடங்கும். ஒரு சிறு பெட்டிக்குள் இரண்டு விரதங்களின் அதிசாரங்கள்!

நாம் அறியாமல் வாங்கினோமே, அதற்கென்ன என்று கேட்கலாம். இம்சையாயினும் களவாயினும் அதற்கு அடிப்படை பிரமத்த யோகம் என்று நம் ஆசிரியர்கள் கூறியதை இங்கு நினைவுகூர வேண்டும். கவனமின்மையும் ஆசையும் கலந்த மனநிலை அது. வியப்பு என்னவெனில், நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதையே கேட்கின்றது. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி, பொய்யான சின்னம் இட்ட பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தக்க முன்னெச்சரிக்கை அனைத்தும் எடுத்தேன், ஐயுறக் காரணம் இருக்கவில்லை, யாரிடம் பெற்றேன் என்பதையும் மறைக்கவில்லை என்று மெய்ப்பிப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. திருட்டுப் பொருளைப் பெறுபவர் பற்றி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா பேசுமிடத்தும், அறிந்து பெற்றவரோடு, திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் பெற்றவரையும் சேர்த்தே சொல்கிறது. மூன்று இலட்சத்துப் பொருள் தொண்ணூறாயிரத்துக்கு வந்தபோது நமக்கு ஐயுறக் காரணம் இருந்தது. அறியாமை என்று நாம் கூறிக்கொண்டது நாமே இழுத்துவிட்ட திரை.

விற்றவர் கூறிய ‘ஒரு விதத்தில் அசல்’ என்னும் சொற்கள் நம்மை நெடுநாள் உறுத்தின. அநேகாந்தம் பயின்ற குடும்பத்தில் பிறந்த நமக்கு அது பழக்கமான பேச்சாகத் தோன்றியதே அதற்குக் காரணம். எச்.எம்.டி. கடிகாரங்களை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய அந்த அரசுத் தொழிற்சாலையின் ‘ஜனதா’, ‘பைலட்’ கடிகாரங்களை நம் தந்தையர் பலர் அணிந்திருந்தனர். 2016இல் மத்திய அரசு அந்தக் கடிகார நிறுவனத்தை மூட முடிவு செய்தபின் பழைய எச்.எம்.டி.க்குத் தேடுவோர் பெருகினர். உடனே, பல பழைய கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாகச் சேர்த்து, முகப்புத் தட்டைச் சுரண்டி, அந்நிறுவனம் ஒருநாளும் வெளியிடாத நிறங்களில் வண்ணம் பூசி விற்பதும் பெருகியது. உள்ளே பொறி எச்.எம்.டி.; முகப்போ நேற்றுப் பூசியது. இது அசலா, போலியா? தந்தையின் கடிகாரத்தில் தட்டு மங்கிவிட்டதென்று மகன் புதுவண்ணம் பூசி அணிந்தால் அதில் குற்றமில்லை. அதே தட்டைக் காட்டி, ஐம்பது ஆண்டாகக் கை படாதது என்று விற்றால் அது பிரதிரூபக வியவகாரம். பொருள் ஒன்றே, மறைக்கப்பட்ட செய்தி வேறு. நயம் என்பது ஒரு பக்கத்தைச் சொல்லி மற்றப் பக்கங்களை மறுக்காதிருப்பது; மறுத்தால் அது துர்நயம். ‘பொறி பழையது, தட்டு புதியது, உறை வேறொன்றினுடையது’ என்று அனைத்தையும் சொல்லி விற்பவரே அநேகாந்தி. ஒரு விதத்தை மட்டும் சொல்பவர், நம் சொல்லைக் கடன் வாங்கிய ஏகாந்தவாதி.

இவ்வட்டாரத்தாருக்கு இதனை விளக்கப் பால்கோவாவே போதும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எங்கோ செய்த மாவு கலந்த இனிப்பை அவ்வூர்ப் பெயரிட்டுப் பேருந்து நிலையத்தில் விற்பதைக் கண்டால் இங்குள்ளோருக்கு வரும் சினத்தை நாம் கண்டிருக்கிறோம். விறகடுப்பின் முன் நின்று பால் கிளறும் தொழிலாளியின் உழைப்பைப் பெயரோடு சேர்த்துத் திருடுகிறார்கள் என்பார்கள், உண்மைதான். ஆனால் அவ்வாறு சினந்து பேசிய நண்பர் ஒருவரின் கையிலேயே ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய ‘ரோலெக்ஸ்’ இருந்தது! “டூப்ளிகேட் என்று தெரிந்துதானே வாங்கினேன், யார் ஏமாந்தார்?” என்றார். வாங்கியவர் ஏமாறவில்லை, பார்ப்பவர் ஏமாற வேண்டும் என்பதற்காகத்தானே அந்தப் பெயர் வேண்டியிருந்தது. பெயர் இல்லாத ஐந்நூறு ரூபாய்க் கடிகாரமும் இதே நேரத்தைக் காட்டியிருக்குமே. ஜெனீவாவின் தொழிலாளிக்கு ஒரு நீதி, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொழிலாளிக்கு ஒரு நீதி என்பதை நாம் எப்படி ஏற்பது?

விலையுயர்ந்த கடிகாரமே சிராவகருக்கு வேண்டுவதில்லை, பற்றுக்கு அளவு கட்டிக்கொள்வதே தீர்வு என்று சில பெரியோர் கூறுவர். மறுப்பதற்கில்லை. எனினும் வாங்குவோர் வாங்கத்தான் போகின்றனர். கைமாறிய பொருளை வாங்குவது தன்னளவில் தாழ்வும் அன்று. அந்த முதியவர் நமக்குச் சொன்னவற்றை அவர்கள் பொருட்டு எழுதுகின்றோம். எடையும் பளபளப்பும் சான்றல்ல. வினாடி முள் தத்தாமல் வழுக்கிச் செல்வதும் இப்போது சான்றல்ல. போலியிலும் தானியங்கிப் பொறியே வருகிறது. பெட்டியும் அட்டையும் தனியே விலைக்குக் கிடைப்பவை. அட்டையில் உள்ள எண்ணும் உறையில் பொறித்த எண்ணும் ஒத்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். எழுத்துகளின் விளிம்பை உருப்பெருக்கியில் காண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கொடுப்பதற்கு முன் பின்மூடியைத் திறந்து பொறியைக் காட்டச் செய்ய வேண்டும், அல்லது அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் சோதிக்க வேண்டும். திறக்க மறுப்பவரிடம் வாங்கலாகாது. ரோலெக்ஸ் போன்ற நிறுவனமே 2022இன் இறுதியில், தன் பழைய கடிகாரங்களைத் தானே சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று என்றால் போலிகளின் திறமையை அறியலாம். ஆனால் முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. ‘இது உமக்கு எப்படி வந்தது?’ என்று கேட்கும் துணிவு போதும். நமக்கு இல்லாமற்போனது அதுவே.

மாப்பிள்ளையிடம் பேசினோம். அலுவலகத்தில் உடன் பணிபுரிபவர் ஒருவர் அக்கடிகாரத்தை எழுபதாயிரத்துக்குக் கேட்டதாகவும், தாம் தர மறுத்ததாகவும் அப்போதுதான் தெரிந்தது.

“மாமா, உங்களுக்குத் தெரிந்தால் மனம் வருந்துவீர்கள் என்று சொல்லவில்லை. விற்கவும் மனம் வரவில்லை” என்றார்.

“அவரிடம் என்ன காரணம் சொன்னீர்கள் மாப்பிள்ளை?”

“மாமனார் கொடுத்தது, தரமாட்டேன் என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை, அறிவேன்.”

நாம் அவரைக் குறை கூறவில்லை. கூறும் தகுதியும் நமக்கு இல்லை. அவர் இப்போது தம் பாட்டனாரின் பழைய ‘ஜனதா’வைத் துடைத்துச் சாவி கொடுத்து அணிகின்றார், நாளொன்றுக்குச் சிறிது பின்தங்குகிறதாம்.

அடுத்த வாரம் சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலைக்குக் குடும்பத்தோடு சென்றோம். பாறையில் வரிசை வரிசையாக அமர்ந்துள்ள தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே, இன்னார் செய்வித்தது என்று வட்டெழுத்தில் சிறு சிறு குறிப்புகள் உள்ளன. செய்வித்தவர் பெயர் உண்டு; தற்பெருமைச் சொற்கள் இல்லை. மகள் ஒவ்வொன்றாக விரலால் சுட்டிப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள்.

இல்லம் திரும்பியதும் அந்தக் கடிகாரத்தைப் பெட்டியிலிட்டோம். உடைத்தெறியலாம் என்று மனைவியார் கூறினார்; திருமணத்தன்று அணிவித்த பொருள் என்று மகள் தடுத்துவிட்டாள். ஆதலின் ஒரு தாளில், ‘இது போலி, நாம் கேளாமல் வாங்கியது, எவருக்கும் விற்கலாகாது’ என்று எழுதி, தேதியும் கையொப்பமும் இட்டு, உத்தரவாத அட்டை இருந்த இடத்தில் வைத்தோம். அந்த அட்டையைக் கிழித்துவிட்டோம். நமக்குப் பின் அலமாரியைத் திறக்கப்போகும் பேரக் குழந்தைக்கு இப்போது மூன்று வயது.