மரத்தின் கணக்கை யார் தீர்ப்பது?



வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒரு மரத்தை வெட்டி அகற்றுவதைப் பற்றிச் சங்கப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் பாதையிலுள்ள எங்கள் காஹாங்கில், கொல்லையில் ஒரு ரம்புத்தானோ பலாவோ மாவோ தென்னையோ இல்லாத வீடு குறைவு. வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் கடைக்கு வருகிறவர்களின் பேச்சில் இந்த விஷயம் அடிபடும். மரம் சாய்கிறது, வெட்ட வேண்டும், ஆனால் கூலியைக் கேட்டால் தலை சுற்றுகிறது என்பார்கள். எவ்வளவு ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் காசை யார் கொடுப்பது நியாயம் என்று கேட்பவர் சிலரே. நான் எழுத வந்தது அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் கூலி ஏன் அதிகம் என்று பார்ப்போம். திறந்த வெளியில் நிற்கும் மரத்தை அடியில் அறுத்துச் சாய்த்துவிடலாம். கொல்லை மரத்துக்கு ஒரு பக்கம் தகரக் கூரை, ஒரு பக்கம் மின்சாரக் கம்பி, ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். ஆள் மேலே ஏறிக் கொம்பு கொம்பாக அறுத்து, துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். கீழே கயிறு பிடிக்க ஆள் வேண்டும். அறுத்ததை லாரியில் ஏற்றி அப்புறப்படுத்த வேண்டும். அடிக்கட்டையைத் தோண்டுவதற்குத் தனிக் கூலி. ஆதலால் சில நூறு வெள்ளியில் முடிவதும் உண்டு, சில ஆயிரம் வெள்ளிக்குப் போவதும் உண்டு.

இவ்வளவு காசு என்றதும் பொறுப்பு கைமாறத் தொடங்குகிறது. “நானா, மரம் என்னுடையது, பயம் அவருடையது. பயப்படுகிறவர்தானே காசு கொடுக்க வேண்டும்?” என்று ஒருவர் என் கடையில் கேட்டார். அடுத்த வீட்டுக்காரரோ, “அவர் மரத்துக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?” என்கிறார். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரைக் காட்டுகிறார். வீட்டுக்காரர், நட்டவர் முன்பு குடியிருந்தவர் என்கிறார். இதற்கிடையே மரம் சாய்ந்துகொண்டே இருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே ஒரு மர வழக்கு வந்ததாக அபூதாவூது ஹதீதுத் தொகுப்பில் காண்கிறோம். சமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்குள் பேரீச்ச மரம் இருந்தது. தோட்டக்காரர் குடும்பத்தோடு அங்கே வசித்தார். மரத்துக்காக சமுரா உள்ளே போய்வந்தது அவருக்குத் தொல்லையாயிற்று. விலைக்குத் தரும்படி கேட்டார், கிடைக்கவில்லை. வேறு மரத்துக்கு மாற்றிக்கொள்ளக் கேட்டார், அதுவும் நடக்கவில்லை. வழக்கு நாயகம் அவர்களிடம் போயிற்று. அவர்களும் விற்கச் சொன்னார்கள், மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், நற்கூலி உண்டென்று கூறி அன்பளிப்பாகத் தரச் சொன்னார்கள். ஒன்றுக்கும் அவர் இசையாதபோது, அவர் பிறருக்குத் தீங்கு செய்பவர் என்று கூறி, மரத்தைப் பிடுங்கிவிடும்படி தோட்டக்காரருக்கு உத்தரவிட்டார்கள்.

மரம் சமுராவுக்குச் சொந்தம் என்பதை அங்கே யாரும் மறுக்கவில்லை. சொந்தம் என்பது அயலாருக்குத் தொல்லை தரும் உரிமை ஆகாது என்பதே தீர்ப்பு. இன்னொன்றையும் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். விலை, மாற்று, நன்மை என்று மூன்று வழி திறந்திருந்தது. எதிலும் அவருக்கு நஷ்டமில்லை. சுலபமாகத் தீர்க்க வேண்டிய நாளில் தீர்க்காததால் மரமே போயிற்று.

உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டநூல், 1913-இல் ‘மஜல்லா அஹ்காம் ஜோகூர்’ என்ற பெயரில் நம் மாநிலத்தில் மலாயில் வெளிவந்தது. மஜல்லாவில் மரத்துக்கென்றே ஒரு விதி உண்டு. ஒருவருடைய மரக்கொம்பு அயலார் வீட்டுப் பக்கம் நீண்டால், அதைக் கட்டி இழுக்கவோ வெட்டவோ அயலார் கேட்கலாம். ஆனால் நிழல் தன் செடிக்கு ஆகவில்லை என்பதற்காக மரத்தையே வெட்டச் சொல்ல முடியாது. தீங்கு வேறு, மனக்குறை வேறு என்று எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள்! அதே நூலில் உள்ள பொது விதி ஒன்று, பலனை அனுபவிப்பவர் மேல்தான் சுமையையும் வைக்கிறது.

இது நமக்குத் தெரியாத நியாயமா? இலாபத்தில் பங்கு வேண்டும், நஷ்டத்தில் பங்கில்லை என்பவனை நாம் கூட்டாளி என்று சேர்ப்போமா? இருபது ஆண்டு காய் பறித்தவர், அதன் நிழலில் வண்டி நிறுத்தியவர், வெட்டுக் கூலியை வீண்செலவு என்பது பொருந்தாது. இத்தனை நாள் மரத்தின் பேரேட்டில் வரவு மட்டுமே எழுதினார். இப்போது செலவு எழுதும் நாள் வந்திருக்கிறது. நட்டவர் யார் என்ற கேள்வியும் நிற்காது. நிலத்தோடு மரம் வந்தபோது அதன் பொறுப்பும் கூடவே வந்துவிட்டது.

ஆனால் தராசுக்குத் தட்டு இரண்டு. ஆண்டுதோறும் கூடை கூடையாகப் பழம் வாங்கிக்கொண்ட அயலார், வெட்டும் நாளில் மட்டும் வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்ப்பது அழகன்று. மரத்துக்காரர் வருமானமில்லாத முதியவராகவோ விதவையாகவோ இருந்தால், அயலாரும் ஜமாஅத்தாரும் கை கொடுக்க வேண்டும். மக்கள் நடக்கும் வழியில் தொல்லையாயிருந்த மரத்தை அகற்றிய ஒருவர் சுவர்க்கம் பெற்றதாக முஸ்லிம் ஹதீதுத் தொகுப்பில் வருகிறது. அந்த மரம் அவருடையது என்று அதில் சொல்லப்படவில்லை. வசதியுள்ளவர் தம் மரத்துக்குக் கொடுப்பது கடமை. வசதியற்றவருக்காகப் பிறர் கொடுப்பது தர்மம். முன்னதைச் செய்யாதவர் பின்னதை எதிர்பார்க்கக் கூடாது.

மரம் ஏறுபவரின் கூலியையும் சொல்ல வேண்டும். பேரம் பேசுவது நம் தொழிலோடு பிறந்த பழக்கம். அடிக்கட்டையை அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்லிக் குறைக்கலாம். விறகை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் குறைக்கலாம். ஆனால் கீழே கயிறு பிடிக்கும் ஆளைக் குறைக்கும்படி, கயிறில்லாமல் ஏறும்படி பேரம் பேசினால், நாம் மிச்சம் பிடிப்பது அவருடைய உயிரிலிருந்து. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாளைக்கு வா என்று அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

தள்ளிப்போட்டால் செலவு போய்விடும் என்று நினைப்பது தவறு. 7-5-2024 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று விழுந்தது. ஒருவர் இறந்தார், 17 வாகனங்கள் சேதமாயின, மோனோரயில் நின்றது. அது சாலையோர மரம்தான். ஆயினும் கொல்லை மரத்துக்கும் அதில் பாடம் இருக்கிறது. நிற்கும் மரத்தின் செலவு இன்னாருடையது என்று பேசித் தீர்க்கலாம். விழுந்த மரம் தன் செலவை யார் தலையில் வேண்டுமானாலும் வைக்கும், அதன் பழத்தை ஒரு நாளும் ருசிக்காதவர் தலையிலும் வைக்கும்.

இதைப் படித்துவிட்டு நாளையே கோடரி எடுத்துவிடாதீர்கள். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தில் 1995-இல் சேர்க்கப்பட்ட விதிப்படி, அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டருக்கு, அதாவது சுமார் ஒன்றே முக்கால் முழத்துக்கு, மேற்பட்ட மரத்தை வெட்ட உள்ளூர் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்துள்ள மரத்துக்கும் விலக்கு உண்டு. கொம்பைக் கழித்தால் போதும் என்றால் கழிப்பதோடு நிறுத்துங்கள். நட்ட மரத்தில் பறவை தின்றாலும் நட்டவருக்கு நன்மை எழுதப்படும் என்பது நம் நம்பிக்கை.

ஆகவே சகோதரர்களே, மழைக்கு முன் ஒருமுறை கொல்லைப் பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். கொம்பு எந்தக் கூரைக்கு மேல் நிற்கிறது, அந்தக் கூரைக்குக் கீழே யார் தூங்குகிறார்கள் என்று பாருங்கள். அயலார் வந்து கேட்கும்வரை காத்திராமல் நீங்களே அவர் வீட்டுக் கதவைத் தட்டி, “நம் மரத்தை என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள்.